கூட்டத்தில் ஒரு முகம்

மறைந்த மாமனிதர் ஒருவரின் வாழ்வையோ, மக்களை வாட்டிய பேரிடர் ஒன்றையோ, எங்கோ கிடந்து மீண்டும் கிடைத்த பழைய திரைச்சுருள்களைக் கொண்டே நம் கண்முன் நிறுத்தும் ஆவணப்படங்கள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. பங்கின் இளைஞர்கள் இத்தகைய படங்களைத் தேடிக் கொணர்ந்து ஞாயிறு மாலைகளில் மன்றத்தில் திரையிடுவது வழக்கமாயிற்று. நாமும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து வருகிறோம்.

1969இல் மனிதர் நிலவில் இறங்கிய பயணத்தைப் பற்றி 2019இல் ஒரு படம் வெளிவந்தது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்ப்பாரற்றுக் கிடந்த அகலச் சுருள்கள் அப்படத்திற்கு உதவின. விளக்கம் சொல்லும் குரல் அதில் இல்லை. அன்று பதிவானதே பேசுகிறது. அதற்கு முந்திய ஆண்டில் பீட்டர் ஜாக்சன் எடுத்த படமோ முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தின் நூறு மணி நேரக் காட்சிகளை அலசி, கறுப்பு வெள்ளையாய் இருந்ததற்கு வண்ணம் ஏற்றி, ஊமையாய் இருந்ததற்கு ஒலி கூட்டியிருக்கிறார். இளைஞர்கள் வண்ணத்தைக் கண்டு வியந்தனர். நமக்கு அந்த வண்ணம் சற்றே உறுத்தியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், உதட்டசைவைப் படித்தறியும் வல்லுநர்களை வரவழைத்து, நூறாண்டுகளுக்கு முன் ஒரு படைவீரன் ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று என்ன பேசினான் என்று கண்டறிந்தார்களே, அது நம் நெஞ்சைத் தொட்டது. வண்ணம் பார்க்கிற நமக்காக. அந்த முயற்சி பேசிய அவனுக்காக.

இவையெல்லாம் மேனாட்டார் இன்று கண்ட புதுமை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. இதே பணியை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் ஒருவர் தனியொருவராய்ச் செய்து முடித்திருக்கிறார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்தநாள் என்பது அவர் நினைவுக்கு வர, அடிகளின் வாழ்வை ஓர் ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் உதித்ததாம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கையில் ஒரு சுருளும் இல்லை. காந்தியடிகளைப் பலரும் பல நாடுகளில் படம் பிடித்திருந்தனர்; செய்திப்பட நிறுவனங்கள் எடுத்ததைச் சில வாரம் ஓட்டிவிட்டு ஒதுக்கிவிடுவது அக்கால வழக்கம். அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றைத் தேடி நாடு நாடாக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி நீளமுள்ள படத்தைத் திரட்டினார். ஆயிரம் அடிச் சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும் என்றால், திரட்டியது ஒன்பது மணி நேரத்திற்கும் மேல். அதிலிருந்து 12,000 அடியைத் தெரிந்தெடுத்து, தமிழ் விளக்கத்தோடு 1940 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்டார். உலகம் இரண்டாம் போரில் இறங்கிவிட்ட நேரம், ஆட்சியோ வெள்ளையருடையது. 1953இல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

பின்னர் நடந்ததுதான் வேதனை. உலகெங்கும் தேடித் திரட்டியவரின் படமே தேடப்பட வேண்டிய பொருளாயிற்று. தமிழ் வடிவம் கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால், சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தமிழின் முதல் ஊமைப்படமாகிய 'கீசகவதம்' இன்றில்லை. 1931இல் வெளிவந்த முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்றில்லை. பழைய சுருள்களில் உள்ள வெள்ளிக்காக அவற்றை அழித்த நாடு இது. பழைய வெண்கலக் குத்துவிளக்கை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள் நம் ஊரில் இல்லையா?

இப்படத்தைப் பற்றிச் சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பேசும் வாய்ப்பு நமக்கு வாய்த்தது. பழுத்த சைவர். மாலையில் கோயிலுக்குப் போய் வந்த திருநீற்று நெற்றியோடு நம் இல்லத் திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டுப் போவார். இன்று அவர் இல்லை. 1927 செப்டம்பரில் காந்தியடிகள் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் வந்தார். கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட நந்தனாரின் ஊர் என்பதாலேயே சிதம்பரம் அடிகளுக்குத் திருத்தலமாயிற்று; நந்தனாரைத் தம் அறவழிப் போருக்கு முன்னோடி என்றே அவர் பேசினார். அந்தக் கூட்டத்தில் ஆசிரியரின் தந்தை பத்து வயதுச் சிறுவனாய், யாருடைய தோளிலோ ஏறி நின்று அடிகளைக் கண்டாராம். அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

காந்தியடிகளைப் பற்றிய எந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தாலும் ஆசிரியர் விடமாட்டார். 1968இல் விட்டல்பாய் ஜவேரி எடுத்த, ஐந்து மணி நேரத்திற்கும் மேல் ஓடும் படத்தையும் முழுவதும் பார்த்தவர். ஒருமுறை அவரோடு அமர்ந்து பார்த்தபோதுதான் நாம் கவனித்தோம்: அவர் கண் காந்தியடிகள்மேல் இல்லை, திரையின் ஓரத்திலேயே அலைந்தது.

"எதை ஐயா தேடுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எங்க அப்பாவைத்தான் ஃபாதர்."

"இது சிதம்பரம் இல்லையே. வடநாட்டு ஊர் போலத் தெரிகிறதே."

"தெரியும். ஆனா அந்தக் கூட்டத்துலயும் யாரோ ஒருத்தருக்கு அப்பா இருப்பாரில்ல? அவுங்க சார்பா பாத்து வைக்கிறேன்."

அன்று முதல் பழைய படங்களை நாம் பார்க்கும் முறையே மாறிற்று. ஒளிப்பதிவாளர் தலைவரைத் தேடிப் போகிறார். கூட்டம் அழையா விருந்தாளியாய் உள்ளே வந்துவிடுகிறது. தண்டி யாத்திரையில் அடிகளின் பின்னே நடக்கிறவர்கள், ரயிலின் சன்னலைப் பற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள், திடீரெனக் கருவியைப் பார்த்து நாணி முகம் திருப்பும் பெண்கள் இவர்களுக்குப் பெயர் இல்லை. காப்பகத்தின் அட்டவணையில் அவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே சொல்தான்: கூட்டம்.

தலைவரின் வாழ்வில் கூட்டம் ஓரத்தில் நிற்கிறது. பேரிடரிலோ கூட்டமே கதை. அங்கும் அவர்களுக்குப் பெயர் கிடைத்ததா என்று கேட்டால், கடலூரில் வாழ்ந்த நம்மால் உடனே ஆமென்று சொல்ல இயலவில்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வீடு திரும்பிய வேளையில் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தெற்கே சிதம்பரம் வட்டத்தில் பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலூர் மாவட்டத்துக் கரையோரத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து, 28ஆம் நாள், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் அர்கோ தத்தா கடலூரில் ஒரு படம் எடுத்தார். மணலில் குப்புற வீழ்ந்து, இரு கைகளையும் விரித்து அழும் பெண். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாக அது தேர்வு பெற்றது. நம் ஊரை உலகம் அறிந்தது அந்தப் படத்தினால்தான். உறவினரை இழந்து அழும் பெண், கடலூர், தமிழ்நாடு என்பது அதன் விளக்கம். ஊர்ப் பெயர் இருக்கிறது, மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அழுபவருக்கும் மாண்டவருக்கும் பெயர் இல்லை. படம் எடுத்தவரைக் குறைசொல்ல நாம் முன்வரவில்லை. அவர் எடுத்திராவிடில் வந்து சேர்ந்திருக்காத உதவிகள் உண்டு. எனினும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சிதம்பரத்து ஆசிரியரின் கண்கள் நினைவுக்கு வருகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் வந்தால் தொலைக்காட்சிகள் அதே காட்சிகளை எடுத்து ஓட்டுகின்றன. அதே அலை, அதே ஓட்டம், அதே வரிசையாய்க் கிடத்திய உடல்கள். பின்னணியில் நெஞ்சைப் பிழியும் இசை. காப்பகத்தில் இருப்பதை எடுத்து ஓட்டுவது எளிது. இல்லாததைத் தேடுவதற்குத்தான் ஒரு செட்டியார் வேண்டும். நம் பங்கின் அடக்கப் பதிவேட்டில் அந்த வாரத்துப் பக்கங்களைப் புரட்டினால் பெயர் எழுதும் இடத்தில் வெறும் கோடு போட்ட வரிகள் சில உண்டு. வயது மட்டும் உத்தேசமாய் எழுதப்பட்டிருக்கிறது. இறையியல் பயின்ற நாளில் நினைவு என்பது நடந்ததை எண்ணிப் பார்ப்பது மட்டுமன்று, நடந்ததை இங்கே உயிரோடு முன்னிலைப்படுத்துவது என்று எமக்குக் கற்பித்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். அதன் பொருளை நமக்கு விளக்கியவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்.

கடலூருக்கு அருகில் ஒரு குப்பத்தில் வாழ்பவர் அவர். ஒன்பது வயது மகனை அலைக்குக் கொடுத்தவர். வீடு போயிற்று, வீட்டோடு குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றிதழும் சுவரில் மாட்டியிருந்த படங்களும் போயின. மகனின் உருவம் ஒரு தாளிலும் மிஞ்சவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் ஒருநாள், "முகம் மங்கிக்கிட்டே வருது சாமி. கண்ணை மூடினா முன்னெல்லாம் வருவான். இப்ப தலைமுடி தெரியுது, முகம் தெரியல" என்றார். என்ன ஆறுதல் சொல்வது?

பிறகு ஒரு நாள் விழுப்புரத்தில் உறவினர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஓர் ஒளிநாடா அகப்பட்டது. 2004 ஆவணியில் நடந்த திருமணம் அது. அலைக்கு நான்கு மாதம் முந்தியது. நாடாவில் பூஞ்சை படிந்திருந்தது. அதை ஓட்டும் கருவியோ எங்கும் இல்லை. உலகிலேயே அக்கருவியைச் செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கடலூரில் பழைய கருவி ஒன்றை விடாமல் பேணி வந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், நாடாவைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, ஒரு வாரம் பாடுபட்டு வட்டில் ஏற்றிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பந்தி நடக்கிறது. வீடியோக்காரர் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் படம் பிடிக்கிறார். அவருக்குப் பக்கத்து இலையில் ஒரு சிறுவன். விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் பாயசத்தை வழித்து உண்கிறான். சிரிக்கிறான். பதினொரு நொடி. பிறகு கருவி தாய்மாமனோடு நகர்ந்துவிடுகிறது. அந்தத் தாய் அழவில்லை. "இடது கைப்பழக்கம் அவனுக்கு. மறந்தே போச்சு பாருங்க" என்றார்.

2024இல் அலை வந்து இருபது ஆண்டுகள் நிறைவதை ஒட்டி ஆவணப்படம் எடுக்க இளைஞர் சிலர் வந்தனர். நல்ல பிள்ளைகள், வந்தவுடன் கருவியை நீட்டாமல், இரண்டு நாள் குப்பத்தில் வெறுமனே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினொரு நொடியைப் பற்றிக் கேள்வியுற்று, அதைத் தர இயலுமா என்று நம் வழியாகக் கேட்டனர். நாம் அவர்களை அந்தத் தாயிடம் அழைத்துச் சென்றோம்.

"எங்க வைப்பீங்க இதை?" என்று கேட்டார் அவர்.

அலையின் காட்சிகள் முடிந்து திரை இருண்டபின் இதைக் காட்டினால் பார்ப்போர் மனம் உருகும் என்று இயக்குநர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வேணாம்பா. அலைக்கு முன்னாடி வையி. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். சோகப் பாட்டு எதுவும் போடக்கூடாது. கல்யாணத்தில் வாசித்த நாயனம் அப்படியே கேட்கட்டும். பிள்ளையின் பெயர் எழுத்தில் வர வேண்டும். அந்தப் பெயரை அவர் அப்படத்திற்கு மட்டும் தந்ததால் நாம் இங்கே எழுதவில்லை.

இளைஞர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதை வாங்கி நம்மிடம் நீட்டி, சரியாக எழுதியிருக்கிறாரா என்று படித்துச் சொல்லச் சொன்னார் தாய். படித்தோம். தலைப்பெழுத்து எங்கே என்று கேட்டார். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து எழுதிய பிறகே வட்டை எடுத்துவர உள்ளே போனார்.