திகட்டுகிறது தம்பி

நாகர்கோவில்

அன்புள்ள கண்ணா,

அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்தது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அப்பாவின் மணிவிழா மலருக்கு நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் எழுதியிருக்கான், கொஞ்சம் திகட்டுது” என்றாள். உனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அம்மா சொன்ன சொல்லைப் பார். கசாயம் திகட்டுகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நெய், பலாப்பழம், பால்பாயசம் என்று நமக்குப் பிடித்ததுதான் அளவு மீறினால் திகட்டும். அதனால் உன் அன்பில் யாரும் குறை சொல்லவில்லை.

ஏட்டில் இதையே ‘தெவிட்டு’ என்போம். அதிலும் ‘தெவிட்டாத’ என்றுதான் அதிகம் எழுதுகிறோம். நீயும் பக்கத்துக்குப் பக்கம் ‘தெவிட்டாத பாசம்’ என்று போட்டிருக்கிறாய். அத்தனை தடவை வந்தால் அந்தச் சொல்லே தெவிட்டிவிடுகிறது, தம்பி.

நீ வேதியியல் படித்தவன். 1879இல் பால்டிமோரில் ஃபால்பர்க் கண்டுபிடித்த சாக்கரின், சர்க்கரையைவிட 300 மடங்குக்கு மேல் இனிப்பு; ஆனால் நாக்கில் கடைசியில் ஒரு கசப்பு நிற்கும். அளவுக்கு மீறிக் குழைகிற எழுத்தை ஆங்கிலத்தில் ‘சாக்கரைன்’ என்றே சொல்கிறார்கள். நம் சர்க்கரைக்கும் அந்தச் சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். நம் ஊர்ப் பந்தியில் பாயசத்தோடு பப்படத்தை நொறுக்கிப் பிசைகிறோமே, எதற்கு? திகட்டாமல் இன்னொரு கரண்டி இறங்கத்தான். உன் கட்டுரையில் அந்தப் பப்படம் இல்லை.

‘தியாகச் செம்மல்’, ‘நடமாடும் தெய்வம்’ எல்லாவற்றையும் எடுத்துவிடு. பிளஸ் டூவில் உனக்குக் கணக்கு போய்விட்ட அன்றைக்கு என்ன நடந்தது? அப்பா மார்க் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் வடசேரிக்குக் கூட்டிப் போய் ரசவடை வாங்கித் தந்தார். நீ அழுதுகொண்டே தின்றாய். தன் தட்டில் இருந்ததையும் உன் பக்கம் தள்ளினார். அதை எழுது. கோபக்காரர் என்பதையும் சேர்த்தே எழுது. அப்போதுதான் ஊரார் நம் அப்பாவை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா