காந்தள் விஷமும் புற்றுநோய் செல்லும்

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை உச்சிக்குப் போவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றாமல் ஏறியவர்கள் பாக்கியசாலிகள். மழைக்காலம் என்றால் வழியில் புதர்களுக்குள் செங்காந்தள் பூத்திருக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, நெருப்புக்கொழுந்து மாதிரி மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்கள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் பட்டியலில் முதல் பெயரும் இதுதான். ஊர்க்காரர்களுக்கு இது கண்வலிக்கிழங்கு, இல்லையென்றால் கலப்பைக்கிழங்கு. ஏர்க்கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை புழங்கும் மலையில் இப்படி ஒரு பூ இருப்பது பொருத்தம்தான். கதையை விட்டுவிட்டு விஷத்தைப் பார்க்கலாம். அதன் பெயர் கோல்சிசின். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் படரவிட்டு, விதைக்காகவே இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க மெல்லிய இழைகள் தேவை. டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துத்தான் இந்த இழைகள் உருவாகின்றன. கோல்சிசின் போய் டியூபுலினில் ஒட்டிக்கொள்ளும். இழை உருவாகாது, செல் பாதிப் பிரிவில் நின்று செத்துப்போகும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதுதான் புற்றுநோய் செல்லின் வேலை. அப்படியானால் காந்தள் விஷம் நல்ல புற்றுநோய் மருந்தாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. நல்ல செல்லையும் கெட்ட செல்லையும் அது பிரித்துப் பார்க்காது. ஆனால், புற்றுநோய் மருந்துகள் ஏன் தோற்கின்றன என்ற கேள்விக்கு முதல் பெரிய பதில் கிடைத்தது இதே விஷத்தை வைத்துத்தான்.

டொரண்டோவில் விக்டர் லிங் என்ற செல் உயிரியலாளர் 1970-களின் தொடக்கத்தில் எலி இனத்தைச் சேர்ந்த சீன ஹாம்ஸ்டரின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கோல்சிசின் ஊற்றினார். பெரும்பாலானவை செத்தன, ஏதோ சில பிழைத்தன. பிழைத்தவற்றை வளர்த்து இன்னும் கொஞ்சம் அதிகமாக ஊற்றினார். இப்படியே படிப்படியாகப் போய், சாதாரண செல்லைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்குக்கும் மேல் தாங்கும் செல்கள் கிடைத்தன. டியூபுலின் மாறிப்போயிருக்கும், அதனால் விஷம் ஒட்டவில்லை என்று நினைப்பதுதான் இயல்பு. சோதித்தால் டியூபுலின் நன்றாகவே இருந்தது. விஷம்தான் செல்லுக்குள் சேரவில்லை! செல்லின் சக்தி உற்பத்தியை முடக்கிப் பார்த்தபோது மட்டும் விஷம் தடையில்லாமல் உள்ளே போனது. அதாவது சும்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை, செல் சக்தியைச் செலவழித்து வேலை செய்கிறது.

1976-இல் ஜூலியானோவும் லிங்கும் அந்த வேலைக்காரனைப் பிடித்தார்கள். செல்லின் மேலுறையில் நிற்கும் ஒரு பெரிய புரதம். பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். மருந்து உள்ளே நுழையவிடாமல் அது தடுக்கிறது என்று அப்போது எண்ணியதால், ஊடுருவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அந்த 'பி'. உண்மையில் அது ஒரு பம்பு. நுழையும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. (அறிவியலில் இது சகஜம். மனித செல்களில் இந்தப் பம்பின் மரபணுவைத் தேடப் பயன்பட்ட 'கேபி' செல்கள் வாய்ப்புற்றிலிருந்து வந்தவை என்று வெகுகாலம் நம்பினார்கள். பிறகு பார்த்தால் அவை ஆய்வகங்களில் எங்கும் புகுந்துவிடும் ஹீலா செல்கள்!)

உண்மையான தலைவலி வேறு. கோல்சிசினை மட்டுமே பார்த்து வளர்ந்த செல்கள், நித்யகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டினையும், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வரும் டானோரூபிசினையும் தாங்கின. வேதியமைப்பில் இவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. ஒரே பம்பு எல்லாவற்றையும் தூக்கி வெளியே போடுகிறது. நோயாளிக்கு ஒரு மருந்து தோற்று வேறு மருந்துக்கு மாற்றும்போது, பார்த்தே இராத அந்த இரண்டாவது மருந்துக்கும் சில செல்கள் தயாராக இருக்கலாம்.

மருந்தைப் பார்த்துப் பார்த்து செல் பாடம் கற்றுக்கொள்கிறது என்று பலரும் எண்ணுவார்கள். 1952-இல் லாய்டு லா என்பவர் எலிகளின் ரத்தப்புற்று செல்களை வைத்து இதைச் சோதித்தார். மருந்து படுவதற்கு முன்பே, தற்செயலான மரபணு மாற்றத்தால், எதிர்க்கக்கூடிய ஓரிரு செல்கள் கூட்டத்தில் இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. ரத்தப்புற்று கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் உடம்பில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி புற்று செல்கள் இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒன்று எதிர்க்கும் செல் என்று வைத்தால்கூடப் பத்து லட்சம் எதிரிகள் முதல் ஊசிக்கு முன்பே தயார்.

சரி, அந்தப் பம்பை அடைத்துவிட்டால்? அதற்கு முன், அது உடம்பில் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். 1994-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கலின் குழு இந்தப் பம்பு இல்லாத எலிகளை உருவாக்கியது. எலிகள் நலமாகவே இருந்தன. கூண்டில் உண்ணிப் பூச்சித் தொல்லை வந்ததும் வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பு இல்லாதவை கொத்துக்கொத்தாகச் செத்தன. பம்பு மூளையின் ரத்தக்குழாய்களில் காவல் நின்று மருந்தை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஐவர்மெக்டின் கொடுத்தால் கோலி இன நாய்கள் பல ஏன் சுருண்டு விழுகின்றன என்பதற்கும் 2001-இல் இதே விடை வந்தது.

குடலில் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, சிறுநீரகத்தில் இருக்கிறது. இலை, கிழங்கு, காய் என்று எதையெதையோ தின்று பிழைத்த பிராணிகளுக்குத் தாவர விஷத்திலிருந்து கிடைத்த பாதுகாப்பு இது. புற்றுநோய் செல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நம் உடம்பில் ஏற்கெனவே இருந்த ஆயுதத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அதனால்தான் அதைப் பறிப்பது இவ்வளவு கஷ்டம். 1981-இல் ஜப்பானில் தக்காஷி ட்சுருவோ, இதயத்துக்குக் கொடுக்கும் வெராபமில் மருந்து இந்த எதிர்ப்பை முறிக்கிறது என்று காட்டியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் மனிதருக்கு அந்த அளவு கொடுத்தால் இதயம் தாங்காது. அடுத்து வந்த வால்ஸ்போடர், புற்றுநோய் மருந்தை உடம்பு வெளியேற்றும் வழிகளையும் மந்தமாக்கியது. மருந்தின் அளவையே குறைக்க வேண்டியிருந்தது. டாரிக்விடாரை நுரையீரல் புற்றில் சோதித்த பெரிய ஆய்வுகள் 2003-இல் பாதியில் நின்றன. இன்றுவரை இந்த வேலைக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

கைகொடுத்தது கொஞ்சம் பழைய உத்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-இல் வந்த முடிவில் 10 பேருக்கு முன்னேற்றம். சில மாதங்களில் நோய் திரும்பியது. அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட்டை செல்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்பது 1978-இல் ராபர்ட் ஷிம்கியின் ஆய்வகத்தில் தெரிந்தது. பம்பே தேவையில்லை, மருந்து தாக்கும் நொதியின் மரபணுவைப் பல படிகள் நகலெடுத்துக்கொண்டால் போதும். ஒரு மருந்துக்கு ஒரு தந்திரம் என்றால், ஒரே செல்லிடம் நாலு தந்திரமும் ஒன்றாக இருப்பது அபூர்வம் அல்லவா? அதனால் 1960-களில் நாலு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார்கள். 1980-களின் நடுவில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே கூட்டு மருந்துத் திட்டத்தைக் கடைப்பிடித்து, முன்பு இழந்துகொண்டிருந்த ஏராளமான குழந்தைகளைக் காப்பாற்றின.

இந்தச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் போகும். முதல் மாதத்திலேயே காய்ச்சல் போய்விடும், ரத்தப் பரிசோதனை சுத்தமாக வரும், பிள்ளை ஓடி விளையாடும். அந்த நேரத்திலும் ஆயிரம் கோடி புற்று செல்கள் கண்ணில் படாமல் இருக்கலாம், அதில்தான் எதிர்க்கும் செல்களும் ஒளிந்திருக்கும். கொல்லிமலையின் ஒரு சிற்றூரிலிருந்து சென்னை போய்வர இரண்டு நாள், இரண்டு நாள் கூலி. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அடுத்த முறையைத் தள்ளிப்போடத் தோன்றுவது இயற்கை. ஊரில் யாராவது ஒருவர் மலைக்கிழங்கு இருக்க மாத்திரை எதற்கு என்றும் சொல்லுவார். அவர் சொல்லுவது கண்வலிக்கிழங்காக இருந்தால் கதை முடிந்தது. கோல்சிசினை வெளியே தள்ளும் செல்களை அது தொடாது, பிள்ளையின் குடலையும் எலும்பு மஜ்ஜையையும்தான் தாக்கும். முதலில் காலரா போல வாந்தி பேதி, பிழைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். நம்பிக் கொடுக்க ஒரு முறிவு மருந்தும் கைவசம் இல்லை.

மருத்துவமனை கொடுத்தனுப்பும் மெர்காப்டோபியூரினும் மெத்தோட்ரெக்சேட்டும் சின்னச் சின்ன மாத்திரைகள். முதலாவது தினமும், இரண்டாவது வாரம் ஒரு நாள் மட்டும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.