பட்டத்துக்குப் பிறகு பாட ஓர் இடம்

2023 செப்டம்பரில் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தபோது எங்கள் வீட்டுக்குள் சந்தோஷமும் சங்கடமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மகள் நல்ல சித்தி பெற்றிருந்தாள். அவள் எடுத்த பாடங்களில் ஒன்று கர்நாடக சங்கீதம். அதையே பல்கலைக்கழகத்திலும் படிக்கப் போவதாக அவள் சொன்னதுதான் சங்கடம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் செயல்முறைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்பி என் மேசையில் வைத்துவிட்டு, "வாப்பா சரியெண்டு சொன்னாத்தான் அனுப்புவன்" என்றாள். மூன்று நாட்கள் அது என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் கீழே கிடந்தது.

சொந்தக்காரர்கள் இரண்டு கேள்விகளோடு வந்தார்கள். முதலாவது, இது நமக்குக் கூடுமா கூடாதா என்பது. அல்பாராபி இசையைப் பற்றிப் பெருநூல் எழுதியதையும், இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனிப் பகுதியே ஒதுக்கியதையும் நான் சொன்னேன். மறுத்தவர்களும் கிதாபுகளோடுதான் வந்தார்கள். ஆயிரம் வருடங்களாக ஆலிம்கள் பேசி முடிக்காததை எங்கள் வீட்டு விறாந்தையில் முடித்து வைக்க முடியாது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது கேள்வியைத்தான் என்னால் அப்படி விட முடியவில்லை. "பாட்டுப் படிச்சி அவள் என்ன உத்தியோகம் பாக்கப் போறாள்?"

நான் ஓர் ஆசிரியன். கணிதம் படிப்பித்தவன். சங்கீதத்தில் எனக்குத் தெரிந்த ஒரேயொரு ஆள் மண்டூரில் இருக்கிறார். நாலாம் நாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

மருதமுனையிலிருந்து வடக்கே கல்லாற்றுப் பாலங்களைக் கடந்து குருமண்வெளித் துறைக்குப் போனால் அங்கே பாதை நிற்கும். பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அக்கரை மண்டூர். சூரியன் உதிக்கும் பக்கத்திலிருக்கும் எங்களுக்கு எழுவான்கரை என்றும், மறையும் பக்கத்திலிருக்கும் அவர்களுக்குப் படுவான்கரை என்றும் பெயர். சின்னக் கதிர்காமம் என்று சொல்லப்படும் முருகன் கோயிலால் மண்டூரைப் பலருக்கும் தெரியும். எனக்கு அந்த ஊர் தெரிய வந்தது கூத்தால்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் உயர்தரம் படித்தோம். அறுவடை முடிந்த மாதங்களில் அவர் என்னைப் படுவான்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். விடிய விடிய வடமோடி. மத்தளத்தின் முன்னால் நிற்கும் அண்ணாவியாரைப் பகலில் வயலில் பார்த்தால் சேறு பூசிய கமக்காரன். எந்தக் கல்லூரிக்கும் போகாதவர். ஆனால் முழுக்கூத்தின் பாட்டும் தாளமும் அவர் நெஞ்சிலிருந்தது. 'தொழில் என்ன?' என்று கேட்டால் வேளாண்மை என்பார். கூத்தை அவர் தொழிலென்று சொல்லிக் கேட்டதில்லை.

1982 இல் கல்லடியில் சுவாமி விபுலாநந்த இசை நடனக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து நண்பர் அங்கே வயலின் படிக்கச் சேர்ந்தார். அந்தக் கல்லூரி பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பட்டம் வழங்கும் நிறுவகமாயிற்று. அவர் படித்து முடித்துச் சங்கீத ஆசிரியரானார். நான் கணித ஆசிரியரானேன். 1990 வந்தது. அந்த வருடம் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தவற்றை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இடையில் கிடந்தது ஒரு வாவிதான். அதைக் கடந்து போய் அவர் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்க 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கை வரை எனக்குப் பன்னிரண்டு வருடம் சென்றது.

அன்று அவர் வயலின் பெட்டியைத் திறந்து காட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் தந்தி அறுந்தால் வாங்க வழியில்லை. ஒரு முறை மீன் பிடிக்கும் தங்கூசி நூலைப் பூட்டிப் பார்த்தாராம். "சத்தம் வந்தது மச்சான், நாதம் வரல்ல" என்று சிரித்தார். பெட்டி முழுக்கச் சாக்குத் துண்டுகள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அதைச் சாக்கில் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இந்த முறை நான் போனபோது அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக உடனே பேசுகிறவர், கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு தான் படிப்பித்துக் கல்லடிக்கு அனுப்பிய பிள்ளைகளை விரல் மடக்கி எண்ணினார். ஏழு பேர்.

"இரண்டு பேர் சங்கீத ரீச்சர். அவங்களுக்கும் நியமனம் கிடைக்கக் கன காலம் எடுத்தது. 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்த பட்டதாரிகளோட அதில ஒரு புள்ளயும் இருந்தது. மற்ற ரெண்டு பேரை 2020 இல் பயிலுநராய் எடுத்தாங்க. மாதம் 20,000 ரூபா. இப்ப பிரதேச செயலகத்தில அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒருத்தன் கனடாவில். பகலில் களஞ்சியசாலை வேலை, சனி ஞாயிறு அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம். ஒரு புள்ள கலியாணம் முடிச்சி வீட்டில. ஏழாவது ஆள் கடை நடத்துறான்."

"அப்ப படிப்பு வீண்தானே?" என்று கேட்டேன்.

"நீ படிப்பிச்ச பிள்ளைகளில எத்தனை பேர் கணிதத்தை வச்சிச் சோறு தின்னுறாங்க?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். உத்தியோகத்தை அரசாங்கத்தின் வரிசை தீர்மானிக்கிறது, அதில் முந்துவதும் பிந்துவதும் நம் கையில் இல்லை. அந்த ஏழு பேரில் இன்றைக்கும் யார் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள் என்பதைத்தான் தான் பார்ப்பதாகச் சொன்னார். அப்படிப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. ரீச்சர்களில் ஒருத்தி பாடத்திட்டத்துக்கு வெளியே வாயே திறப்பதில்லை. பிரதேச செயலகத்தில் கோப்புப் பார்க்கும் பிள்ளையோ நவராத்திரி ஒன்பது நாளும் கோயிலில் பாடுகிறாள். கடைக்காரன் திருவிழாவில் மிருதங்கம் வாசிக்கிறான். கலியாணம் முடித்து வீட்டிலிருப்பவளிடம் பின்னேரங்களில் எட்டுப் பிள்ளைகள் பாட்டுப் படிக்க வருகிறார்கள்.

இதைக் கேட்டபோது முன்பு படித்த ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஐவ்ஸ் என்றொருவர். யேல் பல்கலைக்கழகத்தில் இசை படித்து 1898 இல் பட்டம் பெற்றவர். இசையால் குடும்பம் நடத்த முடியாதென்று காப்புறுதித் துறைக்குப் போய் அதில் நன்றாகவே சம்பாதித்தார். இரவிலும் விடுமுறை நாட்களிலும் இசை எழுதினார். அவருடைய மூன்றாவது சிம்பொனி 1946 இல்தான் முதன்முதலில் மேடையேறி, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. அதே 1947 இல்தான் நம்முடைய விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். எங்களுக்குக் கிட்டவுள்ள காரைதீவில் பிறந்த அடிகள் பெற்றது விஞ்ஞானப் பட்டம். பண்டைத் தமிழிசையை ஆராய அந்த விஞ்ஞானத்தையே கருவியாக்கினார். ஒருவர் இசை படித்துக் காப்புறுதிக்குப் போனார். மற்றவர் விஞ்ஞானம் படித்து இசைக்கு வந்தார். பட்டத்தின் பெயரைக் கொண்டு இருவரையும் கணித்திருந்தால் பிழைத்திருக்கும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் நான் எதிர்பாராத கேள்வியைக் கேட்டார்.

"என்ர பிள்ளைகளுக்குக் கோயில் இருக்கு, திருவிழா இருக்கு, கூத்து இருக்கு. உத்தியோகம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் பாட ஒரு இடம் இருக்கு. உன்ர மகள் பட்டம் முடிச்சிட்டு மருதமுனையில எங்க இருந்து பாடப் போறாள்?"

அவர் குத்திக் காட்டிக் கேட்கவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

திரும்பி வரும்போது பாதையில் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். நம்மவர்களில் பெரும் பாடகர்கள், வித்துவான்கள் இல்லையா? நாகூர் ஈ. எம். ஹனிபாவுக்கு மேடைகளும் மீலாத் விழாக்களும் காத்திருந்தன. சேலத்திலிருந்து வந்த முகைதீன் பேக் இலங்கை வானொலியிலும் சிங்களத் திரைப்படங்களிலும் இடம்பிடித்தார். 1998 இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து கோயில்களில் வாசித்தார். ஒவ்வொருவருக்கும் இடமொன்று இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு?

அப்போதுதான் உம்மாவின் நினைவு வந்தது. மருதமுனை நெசவூர். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் தறி ஓடும். உம்மா நெய்துகொண்டே கவி பாடுவா. தறியின் தட்டுதான் தாளம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அப்பாலிருந்து எதிர்க்கவி சொல்லுவா. கலியாண வீடுகளில் பெண்கள் குரவையிட்டுப் பாடுவார்கள். ஆண்கள் பொல்லடிப்பார்கள். நோன்பு காலத்தில் பக்கீர் பாவாக்கள் றபானோடு வருவார்கள். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை பாடத் தெரிந்தவர்களைத் தேடி அழைத்தது. இடம் இல்லாமலிருக்கவில்லை. இருந்தது.

பிறகு மின்தறி வந்தது. அந்தச் சத்தத்தில் எந்தக் கவியும் கேட்காது. கலியாணங்கள் மண்டபங்களுக்குப் போயின. பெண்கள் குரல் வெளியே கேட்கக் கூடாதென்று ஒரு கண்டிப்பும் ஊருக்குள் வளர்ந்தது. ஒரு நாள் உறவுக்காரர் ஒருவர் வந்து வாப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து உம்மா பாடவில்லை. தறி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அது பற்றி நானும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. கேட்டிருக்கலாம்.

நண்பரின் கேள்வி மகளைப் பற்றியதல்ல, என்னைப் பற்றியது என்று குருமண்வெளியில் இறங்கும்போது விளங்கியது. அவளுக்குப் பாட இடமில்லையென்றால் அந்த இடம் போனபோது பேசாமலிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் குறையைக் காரணமாக்கி அவள் படிப்பை நிறுத்துவது இரண்டாம் தடவையும் அதையே செய்வதாகும்.

இரவு மகளைக் கூப்பிட்டு இருத்தி, உத்தியோகம் கிடைக்குமென்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றேன். வருடக் கணக்கில் வீட்டிலிருக்க நேரலாம், கோப்புத் தூக்க நேரலாம், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "வாப்பா, நான் பாடினா நீங்க வந்து இருந்து கேப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். படிவம் மறுநாள் தபாலில் போனது.

அவள் இப்போது கல்லடியில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உம்மாவுக்கு எதிர்க்கவி சொன்ன அந்த மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. நடமாட்டம் குறைவு, குரல் இருக்கிறது. மகள் கைத்தொலைபேசியில் அவவின் கவிகளைப் பதிந்து, இரவில் அவற்றுக்கு ஸ்வரம் எழுதுகிறாள். இதுவரை முப்பத்திரண்டு. எழுதி முடித்ததைப் பாடிக் காட்டினால் மாமி பிழை திருத்துகிறா. "அப்படி இழுக்கிறல்ல புள்ள, தறி நிக்கும்" என்கிறா.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமியின் முற்றத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து இருந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. நான் வேலிக்கு இப்பால் கதிரையொன்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மண்டூரிலிருந்து நண்பர் வரும் வெள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வயலினையும் கொண்டு வரச் சொன்னேன்.