போர்டுக்கும் உயரம் உண்டு

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம்மில் பலருக்கு பிசிபி டிசைன் என்றால் திரையில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள்தான். எந்த டிராக் எங்கே போகணும், வயா எங்கே போடணும் என்பதிலேயே பாதி ராத்திரி போய்விடும். ஆனால் கைக்கு வரும் போர்டு தட்டைப் படம் கிடையாதுங்க. அது ஒரு குட்டி ஊர். மாடிவீடும் இருக்கும், குடிசையும் இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வழக்கமான போர்டின் தடிமன் 1.6 மி.மீ. அதன்மேல் ஒட்டும் சிப் ரெசிஸ்டர் சுமார் அரை மி.மீ. லேபில் எல்லாரும் பயன்படுத்தும் நீலநிற ரிலே சுமார் 15 மி.மீ. 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் நின்றால் 20 மி.மீ.கூட வரும். பெட்டிக்குள் இருப்பதே 18 மி.மீ. என்றால்? மூடி மூடாது!

எங்க சீனியர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. ரிவ்யூவுக்கு முதல்நாள் கெபாசிட்டரின் காலை வளைத்துப் படுக்கவைத்தார். அது போய்ச் சாய்ந்தது ரெகுலேட்டரின் ஹீட்சிங்க் மேல். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான விதி. உயரப் பிரச்சினை வெப்பப் பிரச்சினையாக மாறிவிட்டது, பாருங்க.

இன்னொன்று, போர்டுக்கு அடியிலும் உயரம் உண்டு. சால்டர் செய்த கால்கள் அடியில் ஒன்றிரண்டு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ரிலேயில் 230 வோல்ட் வருகிறது, பெட்டியோ இரும்பு. ஸ்பேசர் குட்டையாக இருந்து, பெட்டிக்கு எர்த்தும் இல்லையென்றால், அதைத் தொடுகிறவரின் உயிரோடு விளையாடுகிறோம். இதை எந்த சிமுலேஷனும் சொல்லாது.

பெரிய ஆட்களும் இந்தப் பாடத்தைப் படிப்படியாகத்தான் படித்தார்கள். 2012-ல் வந்த முதல் ராஸ்பெரி பை மாடல் பி-யில் திருகு ஓட்டையே கிடையாது. அடுத்த திருத்தத்தில் 2 ஓட்டை வந்தது. 2014-ல் வந்த பி பிளஸ்-ல்தான் 58 x 49 மி.மீ. இடைவெளியில் 4 ஓட்டைகள். அதே ஆண்டு 'ஹேட்' என்ற மேல்தட்டு போர்டுகளுக்கு அளவு விதியும் வந்தது. அதன்பிறகு யார் செய்த ஹேட்டும் அதன்மேல் ஒழுங்காக உட்கார்ந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? கீகேட் இலவச மென்பொருள். அதிலேயே முப்பரிமாணக் காட்சி இருக்கு. போர்டை ஸ்டெப் கோப்பாக எடுத்து, ஃப்ரீகேட்-ல் பெட்டியின் மாடலோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: லைப்ரரியில் வரும் மாடலும் நீங்க வாங்கிய பாகமும் ஒன்றாக இருக்கணும்னு அவசியமில்லை. டேட்டாஷீட்டில் உயரத்தைப் பாருங்க. மென்பொருள் வராதவர்கள் லேஅவுட்டை அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, பாகங்களைக் குத்தி, பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம். செலவு சில ரூபாய்தான்.

நம்ம பரீட்சையில் சர்க்யூட் வரையச் சொல்வார்கள். மூடி மூடுமா என்று கேட்க மாட்டார்கள். ஆனால் போர்டு தப்பாக வந்தால் மறுபடி ஆர்டர் போடுவது நம்ம வீட்டுக் காசில்தான். அதனால் அடுத்த ப்ராஜெக்டுக்கு முதலில் பெட்டியை வாங்குங்க. உள்ளே ஸ்கேல் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்க. அப்புறம் முதல் டிராக்கைப் போடுங்க :-)