டிராகனுக்குக் கையில்லை

ஜூன் 4, இரவு

மூன்று வாரமாகப் பொத்திப் பொத்தி உயிரோடு வைத்திருந்த என் ஆட்டப் பாத்திரம் வால்கைரியின் கவசம் இன்று உடைந்து சிதறியது. எந்த எதிரியும் அடிக்கவில்லை. நானேதான் ஆசை ஆசையாகப் போய் உருமாற்றப் பொறியை மிதித்தேன்.

நான் ஆடும் நெட்ஹேக் வடிவத்தில் படமே கிடையாது. நான் என்பது கறுப்புத் திரையில் ஒரு @ குறி. என் பூனைக்குட்டி ஓர் எழுத்து, சுவர்கள் வெறும் கோடுகள். 1987இல் வந்த விளையாட்டு, இன்றைக்கும் அப்படியே ஆடலாம். பொறியில் கால் வைத்ததும் @ மறைந்தது, அந்த இடத்தில் ட்ரால் என்ற ஒரு பெரும்பூதம் நின்றது. மேலே ஒரே ஒரு வரி: கவசத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாயாம். அடுத்த வரியில் மேலங்கியும் கிழிந்தது. பெரிய உடம்பில் சின்னச் சட்டை எப்படி நிற்கும்? எலியாக மாறியிருந்தால் கவசம் சேதமில்லாமல் என்னைச் சுற்றிக் கழன்று விழுந்திருக்கும். ஐந்தாறு நகர்வு செலவழித்துக் கழற்றி வைத்திருக்கலாம். சோம்பல்.

மிதித்த பொறியும் மறைந்துவிட்டது. ஒருவருக்கு ஒரு தடவைதான் என்ற கணக்கு போல.

ஜூன் 5

இந்த விளையாட்டின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. உருமாற்றத்துக்கென்றே தனிக் கோப்பு ஒன்று இருக்கிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு அதைப் படித்தேன்.

உருவம் மாறுமுன் உடல் தாங்குமா என்று ஒரு பகடை உருட்டுகிறார்கள். 0 முதல் 19 வரை ஏதோ ஓர் எண். அது உடலுறுதியைத் தாண்டிவிட்டால் மாற்றம் நடக்காது. உடம்பு ஒரு கணம் நடுங்கும், 1 முதல் 30 வரை உயிர்ப்புள்ளி போகும். உறுதி 10 உள்ளவருக்கு இருபதில் ஒன்பது தடவை இந்தக் கதிதான். என் வால்கைரிக்கு 18, ஆகவே இருபதில் ஒன்று. அதுவும் தெரியாமல்தான் நேற்று மிதித்தேன்.

ஜூன் 9

ட்ரால் உடம்பு இன்று செத்தது. நான் சாகவில்லை. அதுதான் இதில் அருமையான இடம். இரவல் உடம்பின் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் சொந்த உடம்பு திரும்புகிறது, அது மாறும்போது எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே. நமக்குத் தெரிந்த கூடுவிட்டுக் கூடு பாய்தலில் சொந்தக் கூட்டை வெளியே போட்டுவிட்டுப் போக வேண்டும். திருமூலர் மூலன் என்ற இடையனின் உடலுக்குள் போனார். திரும்பி வந்து தேடினால் தன் உடலைக் காணோம். இங்கே அந்தக் கவலை இல்லை, பழைய உடம்பு உள்ளேயே மடித்து வைத்திருக்கிறது. ஆனால் உருவம் மாறாமல் காக்கும் தாயத்தை வேற்றுருவில் இருக்கும்போது கழுத்தில் போட்டுக்கொண்டால் போச்சு. அந்த உடம்பு சாகும்போது நாமும் சாக வேண்டியதுதான்.

ஜூன் 14

உருமாற்றக் கோல் கிடைத்தது. அதற்குமுன்பே உருமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மோதிரமும் கையில் இருந்தது. மோதிரம் இருந்தால் உடல் நடுங்கும் பகடையே கிடையாது. என்னவாக வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தடவை புத்தியோடு இருந்தேன். தளத்தின் வடமேற்கு மூலை அறையில், பழையதற்குப் பதிலாகத் தேடிக்கொண்ட கவசம், தலைக்கவசம், கையுறை, காலணி எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். வாளையும் அங்கேயே போட்டேன். டிராகனுக்குக் கையில்லை, வைத்திருந்தாலும் நழுவித்தான் விழும். மோதிரம் மட்டும் எப்படியோ மாட்டிக்கொண்டே இருக்கிறது. எந்த விரலில் என்று கேட்கக்கூடாது. டிராகன் செதிலாலான கவசம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லையாம். அது உடம்போடு ஒட்டி, அந்த நிற டிராகனாகவே ஆக்கிவிடும். எனக்கு அது வாய்க்கவில்லை.

கோலை என் பக்கமே திருப்பி, சிவப்பு டிராகன் என்று தட்டினேன்.

பொதுவாக மாறிய உருவம் 500 முதல் 999 நகர்வு வரை நிற்கும். டிராகன் பதினைந்தாம் நிலைப் பிராணி, நானோ எட்டாம் நிலை. தகுதிக்கு மீறிய உடம்பு என்பதால் பதினைந்தில் எட்டுப் பங்கு நேரம்தான்: 266 முதல் 532 வரைக்குள் ஏதோ ஒன்று. எத்தனை என்று சொல்லமாட்டார்கள். நெருப்புக் கக்க ஒவ்வொரு தடவையும் 15 மந்திர ஆற்றல் வேண்டும். வால்கைரிக்கு மந்திரம் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு தடவை கக்கினேன், ஆற்றல் தீர்ந்தது. அப்புறம் கடிதான்.

வால்கைரி பெண் என்பதால் இன்னொன்றும் செய்து பார்த்தேன். உட்கார் என்று கட்டளை கொடுத்தேன். முட்டை இட்டது! இதையெல்லாமா உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள்?

ஜூன் 15

தென்கிழக்குக் கோடியில் எறும்புக் கூட்டத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்தது. திடீரென்று @. மேலே துணியில்லை, கையில் ஆயுதமில்லை. எறும்புகள் என்னைவிட வேகம். கதவொன்றைச் சாத்திக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

பிறகு தளம் முழுக்கச் சுற்றி மூலை அறைக்குப் போனேன். கவசமும் வாளும் போட்ட இடத்தில் கிடந்தன. தலைக்கவசத்தைக் காணோம். பக்கத்துத் தாழ்வாரத்தில் ஒரு குள்ளன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான்.