வகுறு கேக்குது

உம்மாவின் தலையணைக்குக் கீழே ஒரு சரைச் சீனி இருந்தது. பேத்தியை ஏவி எடுப்பித்து வைத்திருக்கிறார். உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு வருஷம். கிளினிக் கொப்பியில் இலக்கம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசிவிட்டேன். “நாக்க அடக்கத் தெரியாதா உம்மா உங்களுக்கு?” நோன்பு முப்பதும் பிடித்துப் பழகிய மனுஷியிடம் கேட்கிற கேள்வியா அது? உம்மா கோபிக்கவில்லை. “நாக்குக் கேக்கல்ல மகன். வகுறுதான் கேக்குது” என்றார்.

சாட்டுச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு வாசித்தவை என்னை வெட்கப்பட வைத்தன. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த பக்டீரியா நோயைத் தரும், பாலைத் தயிராக்கும், அவ்வளவுதான். அல்கொக், மேலி, அக்டிபிஸ் என்ற மூவர் 2014இல் வேறொன்றை எழுதினார்கள். குடலில் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்களில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வோர் உணவு வேண்டும். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகசு நரம்பின் வழியாகவோ வேறு வழியாகவோ அவை தமக்கு வேண்டியதை நம்மைக் கொண்டு தின்பிக்கக்கூடும் என்பது அவர்களது ஊகம்.

2022இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் ட்ரெவலைன், கோல் இருவரும் எலிகளில் சோதித்தார்கள். குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, வெவ்வேறு உணவுப் பழக்கமுடைய மூன்று வகைக் காட்டு எலியினங்களின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது, அவை தெரிந்தெடுத்த தீனும் வேறுபட்டது. இரத்தத்தில் ட்ரிப்டோபான் அளவும் வேறுபட்டது. மூளை செரட்டோனினை ஆக்குவது அதைக் கொண்டுதான். ஆனால் இலைதழை தின்னும் இனத்தின் கிருமியைப் பெற்றவை புரதம் கூடிய தீனையே நாடின! விஷயம் நாம் நினைப்பதுபோல் நேர்கோட்டில் இல்லை.

எலி எலிதான், உம்மா உம்மாதான். மனிதரில் இது இன்னும் நிறுவப்படவில்லை. நப்ஸின் பாரத்தைக் கிருமியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பவும் முடியாது. மருந்து கூடி இரத்தத்தில் சீனி இறங்கினாலும் உடம்பு இனிப்புத் தேடும் என்று கிளினிக் தாதி சொன்னார். அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

வாப்பா இருந்த காலத்தில் எங்கள் இறக்கக்கண்டி வீட்டில் காலைச் சாப்பாடு பழஞ்சோறு. தேங்காய்ப்பால் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போவார். இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வருகிறது. சீனி தூவிய பணிசுக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அந்தப் பணிசை உம்மாவுக்கும் பழக்கியது நான்தான். பள்ளிக்கூட அவசரம்.

உணவை முற்றாக மாற்றினால் குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் சில நாட்களிலேயே மாறத் தொடங்குகிறது என்று 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. ஆசை எத்தனை நாளில் மாறும் என்று அதில் இல்லை.

இப்போது வீட்டில் எல்லாருக்கும் குரக்கன் பிட்டு. கிண்ணியாத் தயிரும் உண்டு, சீனி இல்லாமல். இன்று ஒன்பதாம் நாள். உம்மா முகத்தைச் சுழித்துக்கொண்டு பாதி சாப்பிட்டார். “உன்ட கிருமிக்கு இது போதுமாம்” என்று பீங்கானைத் தள்ளினார். நான் தலையணையைத் தூக்கிப் பார்க்கவில்லை.