வெறும் காசோலையில் வைத்த கையெழுத்து

2006 இல் லண்டனில் எங்கட பகுதித் தமிழ்ப் பாடசாலையின் வருடாந்தப் பொதுக்கூட்டம். மகளைக் கூட்டிப்போக வந்தவன் பின்வரிசையில் இருந்தேன். யாரோ என் பெயரை முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். நிர்வாக சபை உறுப்பினர் ஆகிவிட்டேன். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

வங்கியில் என் கையெழுத்தும் பதிவான பிறகு, பொருளாளர் அண்ணை காசோலைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அஞ்சாறு இடத்தில சைன் வையும். ஒவ்வொருக்காலும் உம்மைத் தேடித் திரிய ஏலாது."

தொகை எழுதாத காசோலைகள். தேத்தண்ணி குடித்தபடியே வைத்துக் கொடுத்தேன்.

1986 இல் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதிய தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு வாசிக்கவும் தெரியாது, மறுக்கவும் முடியாது. லண்டனில் வாசிக்கவும் தெரியும், மறுக்கவும் முடியும். இரண்டையும் நான் செய்யவில்லை.

அடுத்த வருடம் கணக்கு ஒப்படைக்கவில்லை என்று சரிட்டி கமிஷனிலிருந்து கடிதம் வந்தது. மண்டப வாடகையும் நிலுவை. அண்ணையின் பற்றுச்சீட்டுகள் ஒரு கடைப் பையில் கிடந்தன. கூட்டிப் பார்த்தால் அவர்தான் தன் காசைப் போட்டிருந்தார். ஆனால் அதற்குள் ஊர் அவரைக் கள்ளன் ஆக்கிவிட்டது. அவர் விலகினார். பிறகு எங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்கும் வரவில்லை.

அப்போதுதான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இங்கிலாந்தில் ஒரு சரிட்டியை நடத்தும் சபையில் இருந்தால், 'சும்மா கொமிற்றி மெம்பர்' என்று சொன்னாலும் நீங்கள் ட்ரஸ்டிதான். பொறுப்பு எல்லோருக்கும் பொது. கணக்கு பொருளாளரின் தலையிடி என்று ஒதுங்க முடியாது. நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டறிக்கை போகவேண்டும். எங்களுடையதுபோலக் கம்பனியாகப் பதியாத சங்கமென்றால், கடன் உறுப்பினரின் சொந்தக் காசிலும் கை வைக்கலாம்.

இப்போது புதியவர்களை முதல் கூட்டத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைக்கிறோம். யாப்பு, போன வருடக் கணக்கு, வங்கிக் கூற்று, கூட்டக் குறிப்பு எல்லாம் கையில் கொடுப்போம். கமிஷனின் 'த எசென்சியல் ட்ரஸ்டி' கையேடு இணையத்தில் இலவசம். அதையும் வாசித்துவிட்டு வரச் சொல்வோம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, முறைப்பாடு வந்தால் என்ன செய்வது என்று பேசுவோம். கடைசியில் ஒவ்வொருவரும் வங்கிக் கூற்றைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும். அதுதான் முக்கியமான பாடம்.

ஏனென்றால் எங்கட சனத்துக்குக் கேள்வி என்றால் அவமானம். "என்னை நம்பேல்லையோ?" என்பதோடு கதை முடிந்துவிடும். யாப்பைப் பாடமாக்கினாலும் இந்தக் குணம் மாறாவிட்டால் பயனில்லை.

போன வருடம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை என்னையே கேட்டாள்: "அங்கிள், இந்த 84 பவுணுக்கு ரிசீற் எங்க?" முகம் சுருங்கத்தான் செய்தது. தேடி எடுத்துக் காட்டினேன்.

அன்றைக்கு அண்ணையிடம் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. உங்கள் ஊர்ச்சங்கத்திலோ கோயிலிலோ அடுத்த முறை உங்கள் பெயரை முன்மொழிந்தால், கை தட்ட முன் கணக்கைக் கேளுங்கள்.